மயிரிழைக் கம்பி

வெள்ளவத்தை
06.01.2025

யூஜினா அக்கா அவர்களுக்கு,

ஐந்தரை வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் நம்பரை என் போனில் மறித்து வைத்திருக்கிறேன். அதைத் திறந்துவிட எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் தபாலில் வருகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை.

தம்பி ஹபீஸின் வழக்கு இந்த வருடம் மேல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. அரச தரப்புச் சாட்சிகளின் பட்டியலை எங்கள் லோயர் மிஸ் றஷ்மி காட்டினா. நான்காவது பெயர் உங்களுடையது.

2019 மே இரண்டாம் திகதி நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தையும் வாசித்தேன். "எங்கள் பக்டரியில் இப்படியான வயர் பாவிப்பதில்லை. இந்த மெழுகையும் நான் கண்டதில்லை." அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. அந்த 'யூ'வை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். சம்பளப் புத்தகத்தில் உங்கள் பெயருக்குக் கீழேதானே என் பெயர்.

பதினாறு வருடம் நீங்கள் எனக்கு இடது பக்கத்தில் இருந்து பிளை கட்டினீர்கள். ட்றவுட் மீன் பிடிக்கிற வெள்ளைக்காரருக்கு ஏற்றுமதியாகிற பொய்ப் பூச்சி. ஒரு கொக்கி, மெழுகு பூசிய பட்டுநூல், ஒரு கவுதாரி இறகு, உடம்பைச் சுற்ற மயிரிழை போன்ற செம்புக் கம்பி. இவ்வளவுதான் அந்தப் பிளை. ஓடர் கூடினால் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கட்டுவோம். அந்தச் சாமான்கள் இருந்த பிஸ்கட் டின்னைத்தான் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்து பொலிசார் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் இருந்த ஒரே ஆம்பிளை ஹபீஸ். அவனையும் கொண்டுபோனார்கள். அந்தக் கம்பி குண்டுக்கு வைத்திருந்தது என்பதுதான் இன்றைக்கும் அவன்மேல் இருக்கிற குற்றச்சாட்டு.

அது பக்டரிக் கம்பி என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கூடப்பிறந்தவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள். கொரோனாவோடு பக்டரியும் மூடிவிட்டது. முதலாளி தன் நாட்டுக்குப் போய்விட்டார். வேறு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தலாம். ஆனால் உங்கள் வாக்குமூலம் அப்படியே இருக்கும்வரை அது பெரிதாகப் பலன் தராது என்று மிஸ் றஷ்மி சொல்கிறா.

நீங்கள் சாட்சிக் கூட்டில் ஏறி உண்மையைச் சொல்ல வேண்டும். நான் கேட்பது அதை மட்டும்.

ஜவாஹிறா


கொட்டாஞ்சேனை
19.01.2025

அன்புள்ள ஜவா,

உன் கடிதம் வந்து பத்து நாள். ஒவ்வொரு நாளும் எடுத்து வாசித்துவிட்டு வைத்துவிடுவேன். நீ கோபத்தோடு எழுதியிருந்தாலும் உன் எழுத்தைக் கண்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உன் உம்மா எப்படி இருக்கிறா என்று கேட்கலாமோ தெரியாது.

ஜவா, என்னால் முடியாது.

நீ என் நிலைமையை யோசித்துப் பார். றொஹான் போய் ஆறாவது வருடம் வரப்போகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை. இந்தத் தெருவில் மட்டும் நாலு வீட்டில் அந்த ஈஸ்டர் ஞாயிறு கோயிலில் வெடித்த குண்டில் ஆட்கள் போனார்கள். பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அக்கா புருஷனையும் பேத்தியையும் ஒன்றாக அடக்கம் பண்ணினவ. ஒவ்வொரு மாதமும் இருபத்தோராம் திகதி நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் செபமாலை சொல்கிறோம். அந்த ஆட்களின் முகத்துக்கு முன்னால் நான் போய், அந்த வழக்கில் பிடிபட்ட ஒருவருக்காகக் கதைத்தேன் என்றால் எனக்கு இந்தத் தெருவில் தண்ணீர் தர ஆள் இருக்காது. என் புருஷன் ஸ்ரனிஸ்லாஸும் இல்லை. அவர் போய் மூன்று வருடம். மகனுக்குப் பிறகு அவர் கதைத்த வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொன்று. முதலில் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொன்னால் என்னையே உள்ளே போடலாம் என்று ஷெல்டன் சொல்கிறான். என் தங்கச்சி மகன், லோ படித்தவன்.

அந்த நேரம் எனக்குப் புத்தி சரியில்லை. மகனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து ஒன்பதாவது நாள், டின்னைத் திறந்து முன்னால் வைத்து "இது என்ன, இது என்ன" என்று கேட்டார்கள். என் வாயில் வந்ததைச் சொன்னேன். நீயும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தால்.

இல்லை. அப்படி எழுதக் கூடாது. மன்னித்துக்கொள். அழித்தால் கடதாசி கிழிகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

ஹபீஸ் தம்பிக்காகச் செபிக்கிறேன். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் சுகமில்லை என்று மெடிக்கல் கொடுக்கப் போகிறேன். எனக்கு உண்மையாகவே பிறஷர் இருக்கிறது.

யூஜினா


வெள்ளவத்தை
27.01.2025

யூஜினா அக்கா,

உம்மா எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உம்மா மௌத்தாகி ஐந்து வருடம். ஹபீஸ் உள்ளே போய் எட்டாவது மாதம் அது நடந்தது. ஜனாஸாவுக்கு அவனை விடவில்லை. நானும் ஒன்றுவிட்ட சகோதரர் மூன்று பேரும்தான் அடக்கம் செய்து முடித்தோம். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் இருந்த மனிசி. அந்தத் தெருவில் ஒரு சனம் வாசலுக்கு வரவில்லை. வருவார்கள் என்று கதிரை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

செபிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எதற்காக என்று தெரிந்தால் நல்லது. அதனால் சொல்கிறேன்.

ஹபீஸ் பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். பிணையில் வந்தபோது இடது காது கேட்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால், "விழுந்த" என்று மட்டும் சொல்லுவான். ஒருகொடவத்தை லொறி டிப்போவில் கிளார்க் வேலை, அது போய்விட்டது. அவன் மனைவி ருஷ்தா மகள் நுஹாவையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் "பொம் காரன்ட மகள்" என்று கூப்பிட்டார்களாம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே வந்த பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. குளியலறைக் கதவையும்தான். நான் குளிக்கும்போது அவன் வெளியில் போய்ப் படியில் இருப்பான். கதவு சாத்தும் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். முப்பத்தெட்டு வயது ஆள்.

அவன் யோசிப்பது ஒரே ஒரு விஷயம். "யாரோ போன் பண்ணித்தான் எங்கட வீட்டுக்கு வந்த. யாரா ஈக்கும்?" பால் கொண்டுவருகிறவரில் இருந்து ருஷ்தாவின் கூடப்பிறந்த நானா வரை ஒவ்வொருவராக எடுத்துச் சந்தேகப்படுவான். பிறகு அவர் இல்லை என்று விட்டுவிட்டு அடுத்தவரை எடுப்பான்.

உங்கள் மகன் போனதற்கு நானும் அழுதவள். உங்களுக்குத் தெரியாது. வாசல் வரை வந்தேன், அன்றைக்கு ஆட்கள் நின்ற விதத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். றொஹானுக்கு ஒவ்வொரு பெருநாளைக்கும் சாப்பாடு கொடுத்தனுப்பிய கை இது.

உங்களுக்குத் தண்ணீர் தர ஆள் இருக்காது என்று எழுதினீர்கள். எங்களுக்கு ஐந்து வருடமாக இல்லை. செத்துப் போகவில்லை.

மெடிக்கல் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள்.

ஜவாஹிறா


கொட்டாஞ்சேனை
09.03.2025

ஜவா,

தவசு காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். சாமி, "கடவுள் மன்னிப்பார். அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். எழும்பி வந்துவிட்டேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதே, யாரோ போன் பண்ணித்தான் வந்தார்கள் என்று. அதை வாசித்த நாளில் இருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

போன் பண்ணினது நான்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதுகிறேன், இடையில் நிறுத்தினால் பிறகு எழுத மாட்டேன்.

அந்த ஈஸ்டருக்கு முதல் கிழமை உனக்குக் காய்ச்சல். உன் பங்கில் இரண்டு டசின் மிச்சம், திங்கட்கிழமை பெட்டி ஏற வேண்டும் என்று சுப்பவைசர் கத்திக்கொண்டு நின்றார். "நான் கட்டுறன், நீ படு" என்று நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிறு காலையில் மூன்று பிளை மிச்சம் இருந்தது. றொஹான் பூசைக்கு வெளிக்கிட்டு நின்றான். "அம்மா, பிந்தினா இடம் கிடைக்காது" என்றான். "நீ முன்னுக்குப் போய் எனக்கும் ஒரு இடம் பிடி, மூண்டே மூண்டு, முடிச்சிட்டு ஓடி வாறன்" என்றேன். கடைசிப் பிளைக்கு இறகைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. நான் அந்த முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழும்பினேன், ஜவா. ஏதோ டயர் வெடித்தது என்று நினைத்து முடிச்சைப் போட்டேன்.

அவன் எனக்காகப் பக்கத்து இடத்தில் தன் முகம் துடைக்கிற கைலேஞ்சியை விரித்து வைத்திருந்தான் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

உன் ஓடர் இல்லாவிட்டால் நானும் அவனோடு போயிருப்பேன். நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் வந்து, "ஆண்டவர் உங்களையாவது விட்டு வச்சாரே" என்று சொல்லச் சொல்ல எனக்கு உன்மேல் ஒரு வெறி வந்தது. யாரையாவது பிடித்து நசுக்க வேண்டும் போல இருந்தது. குண்டு வைத்தவர்களும் செத்துப்போனார்கள். மிச்சம் இருந்தது நீங்கள்.

சந்தேகமான வீடுகள் இருந்தால் அறிவியுங்கள் என்று ரீவியில் ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏப்ரல் இருபத்தொன்பது பின்னேரம் அந்த நம்பருக்கு எடுத்தேன். பெயர் சொல்லவில்லை. இந்த இலக்கத்து வீட்டில் ஓர் இளம் ஆள் இருக்கிறான், அலுமாரியில் ஒரு டின்னில் வயரும் மெழுகும் வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்த டின் அலுமாரியில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அதை உனக்குத் தந்ததே நான்தான். கம்பிச் சுருளைச் சுற்றி வைத்ததும் நான்தான்.

அடுத்த நாள் அவர்கள் வந்து ஹபீஸ் தம்பியைக் கொண்டுபோனதை நான் மேல் யன்னலில் நின்று பார்த்தேன். அவர் வீட்டில் கட்டியிருந்த சறத்தோடுதான் போனார். உன் உம்மா செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி வந்தா. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மே இரண்டாம் திகதி என்னிடம் வந்து டின்னைக் காட்டினபோது, இது எங்களுடைய சாமான் என்று சொன்னால் அவரை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு விளங்கியது. விளங்கித்தான் இல்லை என்றேன். போன கடிதத்தில் புத்தி சரியில்லை என்று எழுதியது பொய். புத்தி சரியாகத்தான் இருந்தது.

இந்தக் கடிதத்தை நீ லோயரிடம் கொடுத்தாலும் சரி, பொலிசுக்குக் கொடுத்தாலும் சரி. கோர்ட்டுக்கு வருகிறேன். மெடிக்கல் கொடுக்க மாட்டேன்.

யூஜினா


கொட்டாஞ்சேனை
28.04.2025

ஜவா,

ஏழு கிழமை ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று நினைக்க எனக்கு நியாயமும் இல்லை. கோர்ட்டுக் கட்டளை வந்திருக்கிறது, ஜூன் பதினேழு. அதை மட்டும் அறிவிக்கிறேன்.

கொன்ஸ்ரன்ஸ் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன், வேறு ஆட்கள் சொல்லி அறிய முதல். போன் விஷயம் சொல்லவில்லை. அந்தக் கம்பி பக்டரிக் கம்பிதான், அதைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவ குசினிக்குள் போனா. திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். இருபத்தோராம் திகதிச் செபமாலையை இந்த முறை அவ வீட்டில் வைத்தார்கள். எனக்குச் சொல்லவில்லை.

இதை உன்னிடம் இரக்கம் கேட்டு எழுதவில்லை. வேறு யாரிடம் சொல்லுவது?

ஆறு வருடமாக நான் ஒரு கொக்கியைக்கூடத் தொடவில்லை. மிஸ் றஷ்மி போன் எடுத்தவ. கோர்ட்டில் கட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டா. ஓம் என்றேன். முடியுமோ தெரியாது.

யூஜினா


கொட்டாஞ்சேனை
20.06.2025

ஜவா,

நீயும் சாட்சி என்பதால் உன்னை வெளியே மர வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். நான் வெளியில் வந்தபோது நீ என்னைப் பார்த்தாய், பிறகு சுவரைப் பார்த்தாய். அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் அரசாங்க லோயர் என் பழைய வாக்குமூலத்தை வாசித்து, இது சரியா என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது, சொன்னது பொய் என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி ஐயா எழுதுவதை நிறுத்தினார்.

பிறகு மிஸ் றஷ்மி எழும்பி அந்தக் கம்பி எதற்கு என்று காட்டும்படி கேட்டா. அரசாங்க லோயர் வேண்டாம் என்றார். ஐயா அனுமதித்தார். அந்த டின்னைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு துண்டு கட்டி இலக்கம் போட்டிருந்தது. மெழுகு காய்ந்து வெடித்துப்போய் இருந்தது. செம்புக் கம்பி அப்படியேதான் இருந்தது, கறுக்கவில்லை.

கொக்கி பிடிக்கிற வைஸைச் சாட்சிக் கூட்டின் விளிம்பில் பூட்டினேன். கொக்கியை அதில் இறுக்கினேன். செம்மஞ்சள் பட்டுநூலை மெழுகில் இழுத்தபோது நூல் அறுந்தது. திரும்ப எடுத்தேன். முதலாவது பிளைக்கு இறகு நுனியில் கட்டும்போது தண்டு முறிந்துபோனது. அரசாங்க லோயர் மெதுவாகச் சிரித்தார். மிஸ் றஷ்மி எனக்குக் கிட்ட வந்து, "அவசரமில்லை அன்ரி, ஆறுதலாச் செய்யுங்கோ" என்றா.

இரண்டாவதை நான் கண்ணால் கட்டவில்லை, ஜவா. விரலால் கட்டினேன். இறகைக் கொக்கியின் தலையில் முன்பக்கமாக நீட்டி வைத்துக் கட்டினேன். நூலை ஒன்றோடொன்று முட்டப் பின்னால் கொண்டுபோய், அங்கே கம்பியைப் பிடிக்க வைத்து, அதே நூலால் திரும்ப முன்னுக்கு வந்தேன். அதுதான் உடம்பு, வேறொன்றும் இல்லை. அதன் மேல் கம்பியை இடைவெளி விட்டு ஐந்து சுற்று. அந்த இடத்தில் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னுக்குக் குனிந்தார். பிறகு இறகை இரண்டு சுற்று. ஏன் இரண்டு மட்டும் என்று மிஸ் றஷ்மி கேட்டா. கூடச் சுற்றினால் இறகு விறைத்துப்போகும், தண்ணீரில் அசையாது, அசைந்தால்தான் உயிருள்ள பூச்சி என்று மீன் நம்பும் என்றேன். முடிச்சைப் போட்டு நூலை வெட்டினேன். நாலு நிமிஷம் என்று பிறகு சொன்னார்கள்.

ஐயா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மேகட்ட மாளு அஹுவெனவாத?" என்று கேட்டார். இதற்கு மீன் அகப்படுமா என்று. நான் ஒரு மீனும் கண்டதில்லை ஐயா, பெட்டியில் போட்டு அனுப்புவதோடு சரி என்றேன். அவர் அந்தப் பிளையையும் வழக்குப் பொருளாக எடுத்து இலக்கம் போடச் சொன்னார்.

பிறகு அரசாங்க லோயர் கேட்டார், பழைய வாக்குமூலம் பொய்யென்றால் ஏன் சொன்னாய் என்று. நான் தமிழில் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "என்ட மகன் செத்து பதினொரு நாள். இவையள் எல்லாரும் ஒண்டெண்டு நினைச்சன். இவர் பிழை செய்யேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

பொய் வாக்குமூலம் கொடுத்ததுக்கு என்மேல் தனியாக நடவடிக்கை எடுக்கலாம் என்பது விளங்குகிறதா என்று ஐயா கேட்டார். விளங்குகிறது என்றேன்.

போன் பண்ணியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நீ என் கடிதத்தை மிஸ் றஷ்மியிடம் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஏன் கொடுக்கவில்லை? நானாகச் சொல்லுவோம் என்று வாயைத் திறந்தேன். ஹபீஸ் தம்பி குற்றவாளிக் கூட்டுக்குள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அவர் நன்றாக நரைத்துப்போனார்.

யூஜினா


வெள்ளவத்தை
04.10.2025

யூஜினா அக்கா,

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. விடுதலை. அந்தக் கம்பிக்கு வேறு நியாயமான விளக்கம் இருக்கிறது என்று ஐயா எழுதியிருக்கிறார். உங்கள் பெயர் மூன்று இடத்தில் வருகிறது.

வாசித்து முடிந்ததும் நானும் ஹபீஸும் வெளியில் வந்து காலி வீதி பஸ் ஒன்றில் ஏறினோம். கல்கிசை வரை போய்விட்டோம், இரண்டு பேரும் வெள்ளவத்தையில் இறங்க மறந்து.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், ஏன் கடிதத்தைக் கொடுக்கவில்லை என்று. முதலில் கொடுக்கத்தான் நினைத்தேன். மார்ச் மாதம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைத் தண்டவாளத்தில் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. பிறகு யோசித்தேன், அதைக் கொடுத்தால் நீங்கள் பயந்து கூட்டில் ஏற மாட்டீர்கள், எனக்கு நீங்கள் ஏற வேண்டும். அதனால் அன்றைக்கு மறைத்தேன். அது கணக்குப் பார்த்து மறைத்தது, இரக்கத்தால் அல்ல.

இப்போது மறைப்பதற்குக் காரணம் வேறு.

தீர்ப்பு வந்த பிறகு ஹபீஸ் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான். யார் போன் பண்ணியது என்று இந்த நாலு நாளில் ஒரு தடவையும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக உங்களைப் பற்றிக் கதைக்கிறான். "மகனப் பறிகுடுத்த மனிசி. ஊரையே பகைச்சுக்கிட்டு எனக்காக வந்து நின்ட. அப்படியும் மனிசர் ஈக்கிறாங்க." ருஷ்தாவுக்கும் போனில் அதைத்தான் சொன்னான். நுஹாவுக்கும் சொன்னான். நேற்று முதல் தடவையாகத் தன் அறைக் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு படுத்தான்.

அவனுக்கு மனிதரில் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது. அது உங்கள்மேல் நிற்கிறது. இதைவிடக் கேவலமான ஒரு விஷயத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அதை நான் உடைக்க மாட்டேன்.

வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு, பன்னிரண்டாம் திகதி, உங்களைப் பார்த்து நன்றி சொல்ல வரப் போகிறான். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. தனியாக வருவான்.

நீங்கள் அவனிடம் ஒன்றும் சொல்லக் கூடாது. உங்களுக்கு ஆசை வரும். சொல்லி, அழுது, காலில் விழுந்தால் உங்களுக்கு லேசாகிவிடும். சாமியிடம் சொன்ன மாதிரி, எனக்கு எழுதின மாதிரி. இந்தத் தடவை அந்த லேசு உங்களுக்குக் கிடைக்கக் கூடாது. கதவைத் திறந்து, அவனை இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, அவன் சொல்லும் நன்றியை முழுக்க வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். நான் உங்களுக்கு எழுதுவது இது கடைசி.

ஜவாஹிறா


கொட்டாஞ்சேனை
13.10.2025

ஜவா,

கடைசி என்று எழுதியிருந்தாய். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். நேற்று நடந்ததை நீ அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர் உனக்குச் சொல்லியிருப்பார், ஆனால் அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்.

பூசைக்கு நான் இப்போது அதிகாலையில் போய்விடுகிறேன். ஆட்கள் குறைவு, பக்கத்தில் இருந்து எழும்பிப் போகிறவர்களும் குறைவு. வந்து கூட்டித் துடைத்துவிட்டு இருந்தேன். பத்து மணி போல வந்தார். வெள்ளைச் சேட், மடிப்பு விழ நன்றாக மினுக்கினது. கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. வாசலில் நின்று, "யூஜினா அக்கா, நான் ஹபீஸ்" என்றார், எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தது போல. எதிர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று பேர் வெளியில் வந்து பார்த்தார்கள். நான் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டேன். சாத்தவில்லை.

அவருக்குக் காது கேட்காத பக்கம் எது என்று நீ எழுதியிருந்தாய். மற்றப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

நிறையக் கதைக்கவில்லை. நுஹா வருகிற மாதம் வந்து ஒரு கிழமை நிற்பாள் என்றார். பேலியகொடையில் ஒரு மீன் கொம்பனியில் கணக்கு எழுதக் கேட்டிருக்கிறாராம். பிறகு நன்றி சொல்லத் தொடங்கினார். நீ சொன்னபடி இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல என் கை இரண்டையும் மடிக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது, ஜவா. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். நீ எழுதியது சரி. அது அவருக்காக இல்லை, எனக்காகத்தான். மூடிக்கொண்டேன்.

தேத்தண்ணீர் குடித்து முடித்தவர் எழும்பி, சுவரில் இருந்த றொஹானின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கனநேரம். அவர் அழுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை, முதுகுதான் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அக்கா, நான் ஒண்டு சொல்லணும். றொஹான்ட மையத்து அடக்கத்துக்கு நான் வரல்ல. அண்டைக்கு வெளிய வரப் பயமா ஈந்த. முப்பத்தோராம் நாள் பூசைக்காவது வருவம் எண்டு நெனச்சன். அதுக்குள்ள என்னப் புடிச்சிட்டாங்க. ஆறு வருஷமா மனசுல கெடக்கு. நீங்க எனக்காக வந்து நின்டீங்க, நான் உங்கட புள்ளைக்கு வரல்ல. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் பதிலுக்காகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லை, தம்பி" என்று சொன்னேன்.

யூஜினா